சொல்லுக்கு 3 ரூபாய்: பம்பாய்த் துறைமுகத்தில் தந்தியை நம்பி நடந்த வியாபாரம்

மும்பை மட்டன் ஸ்ட்ரீட்டின் பழைய காகிதக் கடைகளில் அவ்வப்போது வியாபாரக் கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்து விழும். கடிதத்தாளின் தலைப்பில், கம்பெனி பெயருக்குக் கீழே, ஓரமாகப் பொடி எழுத்தில் மூன்று வரி அச்சிட்டிருப்பார்கள். முதல் வரி டெலிபோன் எண். இரண்டாவது தந்தி விலாசம், ஒரே ஒரு சொல். மூன்றாவது வரியில் 'கோட்ஸ்: ஏ.பி.சி. 5ஆம் பதிப்பு, பெண்ட்லீஸ்' என்பது போல ஏதாவது இருக்கும். முதல் இரண்டும் பார்த்த உடனே புரிந்துவிடும். மூன்றாவதைப் பெரும்பாலானவர்கள் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். பம்பாயின் ஏற்றுமதி இறக்குமதி வியாபாரம் இரண்டு மூன்று தலைமுறைக் காலம் அந்த மூன்றாவது வரியை நம்பித்தான் நடந்தது.

நமக்குத் தந்தி என்றாலே சாவுச் செய்திதான் நினைவுக்கு வரும். மாதுங்காவிலும் தாராவியிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்ற வாசகத்தைக் கேள்விப்படாத வீடு இருக்காது. காக்கிச் சட்டைக்காரர் மாடியேறி வந்தால் பெயரைக் கேட்பதற்கு முன்பே அழுகை தொடங்கிவிடும். ஃபோர்ட் அலுவலகங்களிலும் கால்பாதேவிப் பேடிகளிலும் (வடநாட்டு வியாபாரிகளின் கடைகள்) நிலைமை நேர் எதிர். அங்கே காலையில் தந்தி வந்தால்தான் வேலையே தொடங்கும். தந்தி வராத நாளில் கணக்குப்பிள்ளையான முனீமிலிருந்து தரகரான தலால்வரை எல்லோரும் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கட்டுரை அந்தத் தந்தியைப் பற்றியது.

தந்திக் கம்பி வருவதற்கு முன்னால் லண்டனுக்கு ஒரு கடிதம் போக ஏறக்குறைய ஒரு மாதம், பதில் வர இன்னொரு மாதம். 1854இல் பம்பாயும் கல்கத்தாவும் ஆக்ரா வழியாகத் தந்தியால் இணைந்தன. 1855 பிப்ரவரியில் பொதுமக்களும் தந்தி அனுப்பலாம் என்று ஆனது. உள்நாட்டு விலை அப்போதே வேகமாக நகரத் தொடங்கிவிட்டது. ஆனால் பம்பாய்க்கு வேண்டியது இங்கிலாந்தின் பஞ்சுச் சந்தையான லிவர்பூலின் விலை. அது கப்பலில்தான் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861-65) அமெரிக்கப் பஞ்சு இங்கிலாந்துக்குப் போகாமல் நின்றதால் பம்பாய்ப் பஞ்சு தங்கமானது. அந்தப் பணத்தில் வங்கிகளும் கடலைத் தூர்க்கும் கம்பெனிகளும் முளைத்தன. பங்குகளை வாங்காதவன் முட்டாள் என்ற நிலை. போர் முடிந்த செய்தி வந்ததும் விலை சரிந்தது. 1865 ஜூலை 1ஆம் தேதி தவணை ஒப்பந்தங்களுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டிய நாளில் நகரத்தின் பெரிய கைகளெல்லாம் கைவிரித்தன. தூரத்துச் செய்தி தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பம்பாய் அன்று கொடுத்த விலை மிகப் பெரியது.

அதே 1865இல் பாரசீக வளைகுடாக் கடலடிக் கம்பி வழியாகவும் துருக்கியின் தரைக் கம்பிகள் வழியாகவும் லண்டனுக்குத் தந்தி திறந்துவிட்டது. 20 சொல்லுக்கு 5 பவுன், அன்றைய மாற்றில் 50 ரூபாய். பணம் கட்டினால் மட்டும் போதாது. வழியில் இருந்த ஆபரேட்டர்கள் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுத்து எழுத்தாகத் திருப்பி அனுப்பினார்கள். செய்தி போய்ச் சேர நாட்கணக்கில் ஆகும். சேர்ந்தபோது பாதி அடையாளம் தெரியாமல் சிதைந்திருக்கும். ராய்ட்டர்ஸ் நிறுவனம் 1866இல் ஹென்றி காலின்ஸ் என்பவரைப் பம்பாய்க்கு அனுப்பி அலுவலகம் திறந்ததற்குக் காரணம் இங்கே செய்திக்கு இருந்த பசிதான். ஆனாலும் கம்பி சரியில்லை.

சரியான கம்பி 1870இல் வந்தது. கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் பம்பாய்க் கரையில் தொடங்கி ஏடன்வரை அந்த பிப்ரவரியில் கம்பியை இறக்கிக்கொண்டே போனது. வெயிலில் கம்பித் தொட்டிகள் சூடாகக் கூடாது என்று கப்பலுக்கு வெள்ளைச் சாயம் பூசியிருந்தார்கள். காரணம் இருந்தது. செம்புக் கம்பியைச் சுற்றியிருந்த காப்பு கட்டாபெர்ச்சா. மலாயாக் காடுகளில் ஒருவகை மரத்தின் பால் உறைந்து கிடைப்பது. கடலின் குளிர்ந்த நீரில் பல பத்தாண்டு கெடாது. வெயில் பட்டால் இளகும், காற்றும் வெளிச்சமும் பட்டால் வறண்டு வெடிக்கும். அதனால்தான் கரையேறிய கம்பியைக் கண்ட இடத்தில் விடாமல் குழி தோண்டிப் புதைத்துக் கொண்டுபோனார்கள். 1870 ஜூனில் ஏடன், சூயஸ், அலெக்ஸாண்ட்ரியா, மால்டா, ஜிப்ரால்டர், லிஸ்பன் வழியாக இங்கிலாந்தின் போர்த்கர்னோ கடற்கரைவரை முழு வழியும் திறந்தது. ஒரு மாதம் சில மணி நேரமாகச் சுருங்கியது.

வேகத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். வியாபாரியை மாற்றியது வேகத்தைவிடக் கட்டணம்தான் என்பது என் கருத்து. சொல்லுக்கு இவ்வளவு என்று விலை வைத்ததும், மொழியே ஒரு செலவுக் கணக்காகிவிட்டது. கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இது விளங்கும்.

1890களின் கடைசியில் இங்கிலாந்துக்கு ஒரு சொல்லின் கட்டணம் 4 ஷில்லிங். ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 16 பென்ஸ். எனவே ஒரு சொல் 3 ரூபாய். பம்பாய்க்காரர் ஒருவர் லிவர்பூலுக்கு '200 பேல் ஃபுல்லி குட் தரப் பரூச் பஞ்சு, ஏப்ரல் கப்பலில், பவுண்டு 4 1/16 பென்ஸ், காப்பீடும் கப்பல் கூலியும் சேர்த்து, உறுதியாகத் தருகிறோம், நாளை நண்பகலுக்குள் பதில்' என்று கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் 25 சொல், 75 ரூபாய். பெறுபவரின் பெயர், கம்பெனி, தெரு, எண், ஊர் என்று முழு முகவரிக்கு 7 சொல் ஆனால் இன்னொரு 21 ரூபாய். மொத்தம் 96. அதையே, ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரே சங்கேதச் சொல்லைத் தரும் கோட் புத்தகத்திலிருந்து 4 சொல்லில் சுருக்கி, பதிவுசெய்த தந்தி விலாசத்தால் முகவரியை ஊர்ப் பெயரோடு 2 சொல்லாக்கினால் 6 சொல், 18 ரூபாய். கடிதத்தாளின் இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் சேர்ந்து ஒரே தந்தியில் மிச்சம் பிடித்தது 78 ரூபாய்.

அந்த 18 ரூபாயைச் செலவழிக்கலாமா என்பதற்கும் கணக்கு உண்டு. பம்பாயில் பஞ்சுக்குக் கேண்டிக் கணக்கு. நம் பழைய கண்டி என்ற சொல்தான். இன்றும் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் ஒரு கேண்டி 356 கிலோ என்று பேசுகிறார்கள். பம்பாய்க் கேண்டி 784 பவுண்டு. ஒரு பேல் அதில் பாதி, 392 பவுண்டு. லிவர்பூல் விலை ஒரு பவுண்டுக்கு இத்தனை பென்ஸ் என்று வரும். பவுண்டுக்கு 1 பென்னி ஏறினால் கேண்டிக்கு 784 பென்ஸ். 16ஆல் வகுத்தால் சரியாக 49 ரூபாய். இந்த 49 மனப்பாடமாக இருந்தால் மற்றதெல்லாம் வாய்க்கணக்கு. விலை 1/16 பென்னி அசைந்தால் கேண்டிக்கு ஏறக்குறைய 3 ரூபாய் 1 அணா. 200 பேல் என்பது 100 கேண்டி. எனவே 306 ரூபாய். அந்த ஒரு சின்ன அசைவை முன்கூட்டித் தெரிந்துகொள்ள 18 ரூபாய் கொடுப்பவர் நஷ்டப்பட மாட்டார். 10 பேல் வியாபாரிக்கு அதே அசைவில் கிடைப்பது 15 ரூபாய்தான். தந்திக் கூலியே கையைக் கடிக்கும். சிறு வியாபாரிகள் தரகரிடம் ஒட்டிக்கொண்டதும், பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகள் மேலும் பெரிதானதும் இந்த இடத்தில்தான். கம்பி எல்லோருக்கும் பொது என்று சொல்லப்பட்டாலும், சொல்லுக்கு 3 ரூபாய் என்ற கட்டணம் ஆளைப் பிரித்துவிட்டது.

தரத்தின் பெயர்களும் தந்தியால்தான் இறுகின. பரூச், தோலேரா, ஊம்ரா, தார்வார் என்று லிவர்பூல் பட்டியலில் இந்திய ஊர்கள் வரிசையாக இருக்கும். நம் திருநெல்வேலிச் சீமைப் பஞ்சு தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி அங்கே 'டின்னவெல்லி' என்ற பெயரில் விலை பேசப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் குட், ஃபுல்லி குட், ஃபுல்லி குட் ஃபேர் என்று படிகள். மாதிரியை நேரில் பார்க்காமல் ஆறாயிரம் கல் தாண்டி ஒருவர் சரக்கு வாங்க வேண்டுமென்றால், தரத்துக்கு ஒற்றைச் சொல்லில் அடங்கும் பெயர் இருந்தே ஆக வேண்டும்.

கோட் புத்தகம் எப்படி இருக்கும்? தலையணை மொத்தம். பக்கத்தின் இடப்பக்கம் வரிசை எண், அடுத்துச் சங்கேதச் சொல், அதற்கு நேரே முழு வாக்கியம். வாக்கியங்கள் முக்கியச் சொல்லின் அகரவரிசையில் இருக்கும்: கப்பல் தலைப்பில் கப்பல் பற்றிய நூறு வாக்கியம், விலைத் தலைப்பில் விலை பற்றி முன்னூறு. தொடக்க காலத்தில் சங்கேதச் சொல் அகராதியில் இருக்கும் உண்மையான சொல்லாக இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தந்தி விதி. ஆங்கிலம், பிரெஞ்சு, லத்தீன் உட்பட எட்டு மொழிக்குத்தான் அனுமதி. 10 எழுத்துக்கு மேல் போனால் இரண்டு சொல்லாக எண்ணுவார்கள். 1903இல் லண்டனில் கூடிய மாநாடு இதைத் தளர்த்தி, உச்சரிக்க முடிகிற எந்தச் செயற்கைச் சொல்லும் 10 எழுத்துவரை ஒரு சொல்தான் என்றது. உடனே ஒருவருக்கு மூளை வேலை செய்தது. எர்னஸ்ட் பெண்ட்லி என்பவர் 1906இல் ஐந்தெழுத்துச் சொற்களால் ஆன புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஐந்தும் ஐந்தும் பத்து. இரண்டு சங்கேதத்தை ஒட்டி எழுதினால் ஒரு சொல் காசு. ஏ.பி.சி. என்ற பழைய கோட் புத்தகத்தில் நான்கு சொல்லான சேதி பெண்ட்லியில் இரண்டாகிவிடும்.

கடைகளில் விற்கும் புத்தகம் எதிராளியிடமும் இருக்கும் அல்லவா. அதனால் ரகசியத்துக்கு இன்னொரு பூட்டு போட்டார்கள். இரண்டு தரப்பும் ஓர் எண்ணை முன்பே பேசி வைத்துக்கொள்வது. எண் 37 என்றால், அனுப்ப வேண்டிய வாக்கியத்தின் வரிசை எண்ணோடு 37ஐக் கூட்டி, அந்த இடத்தில் இருக்கும் சொல்லை அனுப்புவது. பெறுபவர் 37 தள்ளிப் பின்னால் போய்ப் படிப்பார். பெரிய கம்பெனிகள் இதற்கும் மேலே போய், தங்கள் சரக்குக் குறி, தரம், வாங்குபவர் பெயர் எல்லாவற்றுக்கும் சொந்தமாகக் கோட் அச்சடித்து இரும்புப் பெட்டியில் வைத்துக்கொண்டன.

பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு பம்பாய் வந்த நம் ஆட்கள் ஃபோர்ட் அலுவலகங்களில் உட்கார்ந்தபோது அவர்கள் கையில் வந்து சேர்ந்த வேலைகளில் இதுவும் ஒன்று. டைப் அடிப்பதில் இதைவிட ஆபத்தான வேலை கிடையாது. சாதாரணக் கடிதத்தில் ஓர் எழுத்து தவறினால் படிப்பவர் தானே திருத்திக்கொள்வார். சங்கேதத்தில் ஓர் எழுத்து தவறினால் 'வாங்கு' என்பது 'விற்றுவிடு' ஆகலாம். அதனால் ஒருவர் எழுத்தெழுத்தாக உரக்கப் படிக்க, இன்னொருவர் கார்பன் நகலில் விரல் வைத்துச் சரிபார்ப்பது அவசியம். அதன் பிறகு மூன்றாவது ஆள், மூல வாசகத்தைப் பார்க்காமல், சங்கேதத்தை மட்டும் வைத்துத் திருப்பிப் பெயர்த்துக் காட்ட வேண்டும். மூலமும் பெயர்த்ததும் ஒத்துப்போனால்தான் பையன் தந்தி ஆபீசுக்கு ஓடலாம்.

எழுத்து எங்கே கெடும் என்பதற்கும் ஒழுங்கு உண்டு. எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக அனுப்பும் மோர்ஸ் முறையில் 'பி' (B) ஒரு கோடு மூன்று புள்ளி. 'டி' (D) ஒரு கோடு இரண்டு புள்ளி. ஒரு புள்ளி விழுந்துவிட்டால் 'பி' 'டி'யாகிவிடும். 'ஏ' என்பது புள்ளி கோடு, 'என்' என்பது கோடு புள்ளி. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடாமல் அடித்தால் புள்ளி கோடு கோடு புள்ளி, அது ஆங்கிலத்தின் இன்னொரு 'பி' (P). ஐந்தெழுத்துச் சொல் நான்காகி வந்தால் குமாஸ்தா முதலில் தேடுவது இந்த மாதிரி ஒட்டலைத்தான். நல்ல கோட் புத்தகத்தில் எந்த இரண்டு சொல்லும் குறைந்தது இரண்டு எழுத்திலாவது வேறுபட்டிருக்கும். ஓர் எழுத்து மட்டும் கெட்டால் அப்படியொரு சொல்லே புத்தகத்தில் இராது. கெட்டது என்று உடனே தெரிந்துவிடும். எது மூலச் சொல்லாக இருக்கலாம் என்று தேடப் பின்பக்கத்தில் ஓர் அட்டவணையும் கொடுத்திருப்பார்கள். அதிலும் பிடிபடாவிட்டால் காசு கட்டி அந்தச் சொல்லை மட்டும் மறுபடி கேட்டு வாங்கலாம். பெரிய தொகை சம்பந்தப்பட்டது என்றால் தொடக்கத்திலேயே 'டி.சி.' என்று குறித்துக் கூடுதல் கட்டணம் செலுத்துவார்கள். ஒவ்வொரு நிலையமும் செய்தியைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்த பிறகே மேலே அனுப்ப வேண்டும் என்று அதற்குப் பொருள். 'ஆர்.பி.' என்றால் பதிலுக்கும் சேர்த்துப் பணம் கட்டியாயிற்று.

இத்தனை எச்சரிக்கைக்கும் சட்டம் ஒரு காரணம். 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, செய்தியைப் பெறுவதிலோ அனுப்புவதிலோ கொடுப்பதிலோ தந்தி ஊழியர் தவறியதால் வரும் நஷ்டத்துக்கு அரசாங்கம் பொறுப்பல்ல என்று சொல்லிவிட்டது. ஒரு புள்ளி விழுந்து ஆயிரம் ரூபாய் போனால் அது வியாபாரியின் தலையில்தான். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலும் தந்தி இருக்கிறது: முன்மொழிவைத் தந்தியில் திரும்பப் பெற்றால், அனுப்பியவரைப் பொறுத்தவரை தந்தி அனுப்பிய கணத்தில் முடிந்தது, மற்றவரைப் பொறுத்தவரை அவர் கைக்குக் கிடைத்தபோதுதான். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் எடுத்துக்காட்டு. பம்பாய் வியாபாரிக்கு அது பாடம் அல்ல, தினசரிப் பயம். அதனால் தந்தி அனுப்பிய அன்றே, அதன் முழு வாசகத்தையும் விளக்கி எழுதிய உறுதிக் கடிதம் அடுத்த மெயில் கப்பலில் போகும். மட்டன் ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் கடிதங்களில் பாதி இந்த வகை. 'இன்ன தேதியில் உங்களுக்குக் கீழ்க்கண்டவாறு தந்தி கொடுத்தோம்' என்று தொடங்கி, இடப்பக்கம் சங்கேதம், வலப்பக்கம் பொருள் என்று எழுதியிருப்பார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். கோட் புத்தகம் இல்லாமலே சங்கேதம் புரியும் ஒரே ஆவணம் அது.

இனி கம்பியின் பக்கம். தந்தி அலுவலகத்தின் பின்னறையில் சுவரோடு சுவராக அடுக்கிய பேட்டரிகள்தான் முழு வேலைக்கும் உயிர். இந்தியத் தந்தித் துறை மினோட்டோ வகைக் கலங்களை நிறையப் பயன்படுத்தியது. ஜாடியின் அடியில் செம்புத் தகடு; அதிலிருந்து காப்பிட்ட கம்பி மேலே வரும். தகட்டின் மேல் மயில்துத்தப் (காப்பர் சல்ஃபேட்) படிகங்கள். அதன் மேல் ஒரு துணி. துணியின் மேல் ஈரமான மரத்தூள் அல்லது மணல். மறுபடி ஒரு துணி. எல்லாவற்றுக்கும் மேலே துத்தநாகத் தகடு. ஒரு கலத்துக்கு ஏறக்குறைய 1 வோல்ட். தூரத்துக்குத் தக்கபடி பத்து, இருபது, ஐம்பது என்று தொடராகக் கோப்பார்கள். மரத்தூள் எதற்கு என்றால், மயில்துத்தக் கரைசல் மேலேறித் துத்தநாகத்தைத் தொடாமல் தடுக்க. தொட்டுவிட்டால் துத்தநாகத்தின் மேல் கறுப்பாகச் செம்பு படியும், கலம் வேலை செய்யாமலே தேய்ந்துபோகும். ஏப்ரல், மே வெயிலில் மரத்தூள் காய்ந்தால் கலத்தின் உள்தடை ஏறி மின்னோட்டம் நோஞ்சானாகும். தண்ணீர் விட வேண்டும். அளவுக்கு மேல் விட்டால் கரைசல் கலங்கி மேலேறும். கலத்தில் உண்டாகும் வெள்ளைத்துத்தம் (ஜிங்க் சல்ஃபேட்) ஜாடியின் விளிம்பில் உப்புப் போலப் பூத்து வழிந்தால், அடுத்த ஜாடிக்கு அதுவே கள்ள வழியாகிவிடும். துடைத்து, விளிம்பில் எண்ணெயோ மெழுகோ தடவ வேண்டும். பம்பாயின் புழுக்கத்தில் இது ஓயாத வேலை.

வெளியே மழைக்காலம் வந்தால் வேறு தொல்லை. கடற்காற்று பீங்கான் காப்புக் கிண்ணங்களில் உப்புப் படலம் பூசிவிடும். முதல் சாரல் பட்டதும் அந்தப் படலம் வழியாக மின்னோட்டம் ஒவ்வொரு கம்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு இறங்கும். பம்பாயில் அடித்த புள்ளி, மலைத்தொடரைத் தாண்டி அந்தப் பக்கம் போகும்போது ரிலேயை (வரும் மின்னோட்டத்தால் அசைந்து ஒலிக்கருவியை இயக்கும் சாவி) அசைக்கத் தெம்பில்லாமல் போய்ச் சேரும். ஆபரேட்டர் ரிலேயின் வில்லைத் தளர்த்திக்கொண்டே இருப்பார். வெயில் அடித்ததும் மறுபடி இறுக்க வேண்டும், இல்லையென்றால் புள்ளியெல்லாம் கோடாக ஒட்டிக்கொள்ளும். பழுதுகளுக்கு லைன்காரர்களிடம் மூன்றே பெயர். கம்பி அறுந்தால் 'டிஸ்'. மரக்கிளை தொட்டோ கம்பம் சாய்ந்தோ தரையோடு சேர்ந்தால் 'எர்த்'. இரண்டு கம்பி ஒன்றோடொன்று உரசினால் 'காண்டாக்ட்'. அப்போது ஒருவரின் செய்தி மற்றவரின் கருவியில் கேட்கும்.

கடலடிக் கம்பியில் சத்தம் கிடையாது. அவ்வளவு தூரம் தாண்டி வரும் மின்னோட்டம் எதையும் தட்டி ஒலியெழுப்பும் வலுவோடு இராது. இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் அமைத்த சைஃபன் ரெக்கார்டரில் முடி போன்ற கண்ணாடிக் குழல் ஒன்று காகித நாடாவின் மேல் மையால் கோடு இழுக்கும். மைக்கோடு ஒரு பக்கம் வளைந்தால் மோர்ஸ் புள்ளி, மறுபக்கம் வளைந்தால் மோர்ஸ் கோடு. இரண்டும் ஒரே நீளம். காகிதத்தில் அலை போல ஓடும் அந்தக் கோட்டைப் பார்த்தே ஆங்கிலம் படித்தார்கள். தொடக்கத்தில் மைக்கு மின்னேற்றம் கொடுத்துத் தெளிக்க வைத்தார்கள். ஈரக் காற்றில் அந்த மின்னேற்றம் கசிந்து மை நின்றுபோகும். பிறகு குழலையே மெல்ல அதிரவைத்து மையை இறக்கும் முறை வந்தது. கடலுக்கடியில் கம்பி அறுந்தாலோ காப்பு உரிந்தாலோ, இரு கரையிலும் தடையை அளந்து, பழுது எத்தனை மைல் தூரத்தில் என்று கணக்கிட்டு, கப்பல் அந்த இடத்துக்குப் போய்க் கொக்கியால் கம்பியைத் துழாவித் தூக்கும். நங்கூரம் இழுத்தது, பாறையில் உராய்ந்தது, கப்பல்புழு துளைத்தது என்று காரணங்கள் பல.

துறைமுகத்தில் தந்தியால் பிழைப்பு மாறிய இன்னொரு கூட்டம் துபாஷ்கள். நம் மதராஸில் துபாஷி என்றால் வெள்ளைக்காரனுக்கு மொழிபெயர்த்து வியாபாரம் முடித்துக்கொடுத்த தரகர். பம்பாயில் அதே சொல் கப்பலுக்குச் சாமான் போடுபவரைக் குறித்தது. பார்சிக் குடும்பங்களின் பெயராகவே ஒட்டிக்கொண்டது. காலா கோடாவில் முன்பு ராம்பார்ட் ரோ என்றிருந்த தெரு இன்று கே. துபாஷ் மார்க். கப்பல் நங்கூரமிட்ட பிறகு படகில் ஓடிப்போய் மாலுமியிடம் முந்திக்கொள்வதுதான் பழைய துபாஷ் தொழில். ஏடனில் நிலக்கரி ஏற்றிக்கொண்ட நீராவிக் கப்பல் புறப்பட்டதும் அங்கிருந்து தந்தி வரத் தொடங்கிய பிறகு கதை மாறியது. ஏடனிலிருந்து பம்பாய் சுமார் 1,650 கடல் மைல். மணிக்கு 12 மைல் வேகத்தில் 137 மணி நேரம், ஆறு நாளுக்குச் சற்றுக் குறைவு. அந்த ஆறு நாளுக்குள் காய்கறி, இறைச்சி, நல்ல தண்ணீர், நிலக்கரிப் படகு, சரக்கு இறக்கும் ஆள்கட்டு எல்லாம் பேசி முடிக்கலாம். 1875இல் சசூன் டாக், 1880இல் பிரின்சஸ் டாக் என்று சுவர் கட்டிய துறைகள் வந்தபோது இந்த முன்னறிவிப்பு இல்லாமல் அவற்றை நடத்தியிருக்கவே முடியாது. எந்தத் துறையில் எந்தக் கப்பல் எப்போது என்று முன்பே தெரிந்தால்தானே இடம் ஒதுக்க முடியும்.

தந்தித் தாளில் போட்டிருக்கும் நேரத்தைப் படிக்கும்போது ஒரு கவனம் தேவை. 1906இல் இந்தியப் பொது நேரம் வருவதற்கு முன் ரயிலும் தந்தியும் மதராஸ் நேரத்தில் ஓடின. பம்பாய் நகரமோ தன் சொந்த நேரத்தில் வாழ்ந்தது. கிரீன்விச்சைவிட 4 மணி 51 நிமிடம் முன்னால். மதராஸ் அதைவிட அரை மணி முன்னால். லிவர்பூலில் மாலை 4 மணி என்றால் பம்பாய்க் கடிகாரத்தில் இரவு 8.51, மதராஸ் நேரத்தில் 9.21. பம்பாயை மதராஸ் நேரத்துக்கு மாற்ற 1881இல் ஒரு முயற்சி நடந்தது. நகரம் ஏற்கவில்லை, இரண்டே வருஷத்தில் கைவிட்டார்கள். ஆகையால் 1906க்கு முந்தைய தந்தியில் அனுப்பிய மணியையும், அதைப் பெற்றவர் கடிதத்தில் எழுதிய மணியையும் ஒப்பிடும்போது, அந்த அரை மணியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

விலை கம்பியில் வந்ததும் சூதாட்டமும் கம்பியைப் பிடித்துக்கொண்டது. நியூயார்க் பஞ்சுச் சந்தையின் தொடக்க விலையிலும் முடிவு விலையிலும் வரும் எண்களை வைத்துப் பம்பாயில் 'ஆங்க்டா' ஆடினார்கள். மில் தொழிலாளி முதல் பேடிக்காரர்வரை காலணா, அரையணா கட்டிவிட்டு இரவெல்லாம் கடல்தாண்டி வரும் எண்ணுக்குக் காத்திருந்தார்கள். 1961இல் அந்த எண் வருவது நின்றதும் பானையில் சீட்டுப் போட்டு எடுக்கத் தொடங்கினார்கள். மட்கா என்ற பெயர் அந்தப் பானையிலிருந்து வந்தது. பல தமிழ்க் குடும்பங்களின் சம்பளத்தையும் தின்ற சனியன் அது.

1927இல் பூனா அருகே கிர்க்கியிலிருந்து கம்பியில்லாத் தந்தி இங்கிலாந்துக்கு நேரடியாகப் போகத் தொடங்கியது. கடலடிக் கம்பியைவிட மலிவு. ஃபிளோரா ஃபவுண்டன் அருகிலிருந்த மத்தியத் தந்தி அலுவலகம் மோர்ஸிலிருந்து, செய்தியைத் தானே அச்சடிக்கும் டெலிபிரிண்டருக்கு மாறியது. 2013 ஜூலை 14 இரவோடு நாடு முழுவதும் தந்தி நின்றது.

கையில் ஒரு கடிதத்தாள் கிடைத்தால் காலத்தைக் கணிப்பது இப்படி. ஏ.பி.சி. 5ஆம் பதிப்பு 1901இல் வந்தது, 6ஆம் பதிப்பு 1920இல். 6ஆம் பதிப்பு அச்சாகியிருந்தால் தாள் 1920க்குப் பிந்தையது. பெண்ட்லி பெயர் இருந்தால் 1906க்குப் பிந்தையது. டெலக்ஸ் எண் இருந்தால் 1960களுக்கு முன் போகாது. முகவரியில் 'மாதுங்கா, பம்பாய் 19' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தைய அச்சு. 400 019 என்று இருந்தால் பின்கோடு வந்த பிறகு. பழைய தாளைத் தீரும்வரை பயன்படுத்தும் வழக்கம் உண்டு என்பதால், அச்சின் காலத்தையும் கடிதத்தின் தேதியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தந்தித் தாளே கிடைத்தால் லேமினேட் செய்யாதீர்கள். டெலிபிரிண்டர் காலத்துத் தந்திகளில் செய்தி நாடாவில் அச்சாகி, துண்டு துண்டாகத் தாளில் ஒட்டப்பட்டிருக்கும். பசை காய்ந்து துண்டுகள் உதிரும். உதிர்வதற்கு முன் முதலில் படமெடுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டின் பின்னாலும் மெல்லிய பென்சிலால் வரிசை எண் போடுங்கள். ஏற்கனவே உதிர்ந்துவிட்டது என்றால், மேல்வரியில் அனுப்பிய ஊர், தேதி, நேரத்தோடு சொல் எண்ணிக்கையும் இருக்கும். விலாசத்தையும் சேர்த்தே எண்ணுங்கள். அங்கே 14 என்றிருந்து உங்கள் கையில் 13தான் இருக்கிறது என்றால், ஒரு சொல் இன்னும் அந்தக் காகிதக் கட்டுக்குள்ளேயே எங்கோ கிடக்கிறது. கடைக்காரரிடம் திரும்பிப் போய் உறையை உதறிப் பாருங்கள்.